தெல்தெனியவில் என்னை ஆணாக்கினார்கள்

எனக்குக் கோவையாக எழுத வராது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதிலும் கொழுந்து கூடின மாதங்களில் பாதி நாள் போகவில்லை. எழுத்து கோணலாக விழுகிறது என்று எனக்கே தெரிகிறது. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பதும் இப்போது குழம்பிப் போகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆளை நேரே பார்த்துப் பேசுவதற்கு எனக்குக் கூச்சம். அதனால்தான் வாயால் சொல்லாமல் இப்படித் தாளில் கிறுக்குகிறேன்.

நான் குஸ்தி போட்டவள். விளையாட்டுக்கு இல்லை, சம்பளத்துக்கு. ஊர் ஊராகக் கூடாரம் அடித்த ஒரு சர்க்கஸ் கம்பெனியில் சில வருஷம் அதுதான் என் தொழில். ஊரே பார்க்கத் தொடையளவுச் சல்லடம் கட்டிக்கொண்டு குஸ்தி போட்டவளுக்கு என்ன கூச்சம் என்று கேட்பீர்கள். கம்பெனியிலும் அதைத்தான் கேட்டுச் சிரித்தார்கள். குஸ்தியில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எதிராளியின் முட்டியைப் பார்த்தால் போதும். ஆள் எந்தப் பக்கம் வரப் போகிறது என்பதை முட்டிதான் முதலில் சொல்லும். கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு நாள் பார்த்தேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் தோட்டம் கண்டிப் பக்கத்துத் தெல்தெனியவுக்கு மேலே மலையில் இருந்தது. அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஆனால் அவரை ஒருவரும் அந்த வேலையை வைத்துச் சொல்லமாட்டார்கள். ரதி என்றுதான் சொல்வார்கள். மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். சிவனுடைய கோபத்தில் மன்மதன் எரிந்து போக, ரதி தலைவிரித்துப் புலம்புவாள். அந்த ரதி வேஷத்தை ஆண்தான் கட்டுவான். பொம்பளை கட்டிய வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அப்பா அதற்காகவே முடி வளர்த்தார். அம்மாவின் நல்ல சேலையைத்தான் உடுத்துவார். அவர் புலம்ப ஆரம்பித்தால் கங்காணி வீட்டுப் பொம்பளைகள்கூட மூக்கைச் சிந்துவார்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டில் கணக்கப்பிள்ளை, "ரதியம்மா இன்னைக்கு எந்த மலைக்கு?" என்று கேட்பார். அப்பாவுக்கு அது கேலியாகவே படாது. அன்று முழுக்க நிமிர்ந்துதான் நடப்பார்.

தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள் இல்லையா, அந்தக் காலத்தில் எனக்கும் பேர் போடாமல் விட்டார்கள். தோட்டத்துக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் சும்மா இருந்தேன். பெரிய கங்காணிக்குத் தெரிந்த ஒருவர் மூலம் கண்டியில் ஆயா வேலை கிடைத்தது. போகம்பறைத் திடலில் கூடாரம் அடித்திருந்த சர்க்கஸ் கம்பெனிக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். அப்பாதான் என்னைக் கொண்டுபோய் விட்டார். சர்க்கஸ் என்றதும் ஒரு கணம் யோசித்தார். பிள்ளை பார்க்கிற வேலைதானே என்று அவரே சொல்லிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

அந்தக் கம்பெனியில் பெண்கள் குஸ்தி ஒன்று இருந்தது. மதுரைப் பக்கத்து அக்கா ஒருத்தியும் இன்னொருத்தியும் போடுவார்கள். இன்னொருத்தி பிள்ளைத்தாய்ச்சியாகி ஊருக்குப் போய்விட்டாள். அக்காவுக்கு ஜோடி இல்லாமல் நின்றது. ஒரு நாள் காலையில் நான் மாஸ்டருடைய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றக் கையில் தண்ணீர்ப் பீப்பாவைத் தூக்கி வருவதை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, புள்ளயக் கீழ விடு. பீப்பாவையும் கீழ வை. என்னத் தூக்கு பாப்போம்."

அவள் என்னைவிட ஒன்றரை மடங்கு இருப்பாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. விடமாட்டேன் என்று வழியை மறித்து நின்றாள். கடைசியில் தூக்கினேன்.

"இறக்குடி, போதும். நீ ஆயாவாம்ல, ஆயா."

அன்றைக்குச் சாயந்தரமே மாஸ்டர் கூப்பிட்டார். சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டே சரி என்றேன். வீட்டுக்கு அனுப்புகிற காசு கூடினதும் ஏன் கூடியது என்று அப்பா கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

குஸ்தி என்றால் எல்லாம் பொய் என்று சொல்வார்கள். பாதிதான் பொய். யார் விழ வேண்டும் என்பதை மாஸ்டர் காலையிலேயே சொல்லிவிடுவார். முதல் நாள் அக்கா ஜெயித்தால் அடுத்த நாள் நான். அப்படிச் செய்தால்தான் கூட்டம் திரும்பி வரும். இரண்டு தோளும் சேர்ந்து மண்ணில் பட்டால் தோல்வி. விழுகிற நேரம் வந்ததும் யாராவது ஒருத்தி மற்றவளுடைய மணிக்கட்டைப் பெருவிரலால் அழுத்துவாள். அது பொய். ஆனால் விழுகிறது பொய்யில்லை. மரத்தூளுக்குக் கீழே மண், மண்ணுக்குள்ளே கல். முதுகில் தோல் உரிந்து எரியும். என் இடது காது நசுங்கி நசுங்கிச் சுண்டைக்காய் மாதிரி இறுகிப் போனது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா அதைக் கண்டுவிட்டு என்ன என்று கேட்டாள். பிள்ளை தோட்டைப் பிடித்து இழுத்துவிட்டது என்று சொன்னேன். அம்மா தேங்காயெண்ணெய் காய்ச்சித் தடவிவிட்டாள்.

காலையில் பழகும்போது பேசிவைப்பது ஒன்றும் கிடையாது, மெய்யாகவே பிடிப்போம். முதல் வருஷம் அக்கா என்னைத் துணி துவைக்கிற மாதிரித் துவைத்தாள். அதற்கு அடுத்த வருஷம் ஒரு நாள் அவளுடைய இரண்டு தோளையும் மண்ணில் வைத்து அழுத்தினேன். அவள் படுத்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டு, இனி உனக்குப் பொய்யாக விழுகிறது எனக்குச் சுலபம்தான் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாளா என்று ஞாபகம் இல்லை. அவளுக்கு அப்போதே முட்டி தேய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு மாஸ்டர் என்னைக் கம்பெனியின் ஆண் பயில்வானோடும் ஜோடி சேர்த்தார். பெண் பயில்வான் ஆண் பயில்வானைத் தூக்கி எறிகிறாள் என்று நோட்டீசில் போட்டார். கண்டியிலும் மாத்தளையிலும் கூட்டம் நெரிந்தது. அந்தப் பயில்வான் நல்ல மனிதர்தான், ஆனால் சாராயத்தில் உடம்பு ஊதிப்போயிருந்தது. சில நாள் பேசிவைத்தபடி விழுவார். சில நாள் பேசிவைக்காமலே விழுந்துவிடுவார். எழுந்து என் காதோரம், இன்னைக்கு நான் விழுற நாள் இல்லையே புள்ள என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் மாஸ்டர் அடுத்த கூடாரம் தெல்தெனியவில் என்றார். ஊர் ஊராக வாரிக்கொண்டுபோன மலேரியாக் காய்ச்சல் வருகிறதற்கு முந்தின வருஷம் என்று நினைக்கிறேன். அங்கே புடவைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியின் வெறுங்காணியில் கூடாரம் போடப் பேசியிருந்தார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க இறங்குகிற ஊர் அது. சம்பள ஞாயிறென்றால் மலை முழுக்க அங்கேதான் இறங்கும். நான் அந்த ஊரில் மட்டும் வரவில்லை என்றேன். நோட்டீஸ் அடித்தாயிற்று என்றார் மாஸ்டர். அக்காவிடம் சொன்னேன்.

"உங்கப்பன் பாத்தா என்னடி? அவரு சேல கட்டி ஆடுறவருதானே. நீ சல்லடம் கட்டி ஆடுற. ரெண்டு பேரும் ஊருக்கு வேடிக்கதான் காட்டுறீங்க. வீட்டுல வேற யாருக்கு இந்தக் குணம் இருக்கு?"

அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு எனக்கே ஆசை வந்துவிட்டது. அப்பா பார்க்க வேண்டும். கைதட்டு என்றால் என்ன என்று எங்கள் லயத்தில் தெரிந்த ஒரே மனிதர் அவர். நான் அந்தப் பயில்வானைத் தூக்குவதைப் பார்த்தால், முதலில் கோபப்பட்டாலும், இது என் மகள்தான் என்று யாரிடமாவது சொல்லாமல் இருக்கமாட்டார் என்று நம்பினேன். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. பிறகு அவர் திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

எனக்குத் தெரியாமல் வீட்டில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. தங்கைக்குக் கலகெதரப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மாப்பிள்ளை கேட்டு வந்திருந்தார்கள். கங்காணி குடும்பம். மாப்பிள்ளையின் தகப்பனும் தாயும் பெண் வீட்டைப் பார்க்க வந்த வாரமும் சம்பள ஞாயிறும் ஒன்றாக விழுந்துவிட்டன. வந்த சம்பந்திகளுக்கு மரியாதையாக ஏதாவது செய்ய வேண்டுமென்று அப்பா அவர்களை அழைத்துக்கொண்டு சர்க்கஸ் பார்க்க வந்துவிட்டார். நான் கண்டியிலேயே பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைத்திருப்பார். அப்படித்தான் நினைத்திருப்பார் என்று நானும் நினைத்துக்கொள்கிறேன்.

பகலாட்டம். திரையின் ஓட்டை வழியாகப் பார்த்த அக்கா, முன் பெஞ்சில் தலைமுடி கொண்டை போட்ட ஒரு ஆள் இருக்கிறார், உன் மூக்கு அப்படியே இருக்கிறது என்றாள். வழக்கம்போல முதுகில் ஒரு தள்ளு தள்ளி என்னை வெளியே விட்டாள். நான் வழக்கம்போலப் பயில்வானுடைய முட்டியைப் பார்த்தேன். அன்று நான் போட்ட மாதிரி அதற்கு முன்னும் பின்னும் போட்டதில்லை. அவர் விரலால் அழுத்தச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார், நான் அழுத்தவில்லை. இடுப்பில் எடுத்துத் தோளுக்கு மேலே கொண்டுபோய் மண்ணில் போட்டேன். இரண்டு தோளும் சத்தத்தோடு பட்டன.

கைதட்டல் வரவில்லை. அப்போதுதான் தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒருவன், "டேய், அது ஆம்பளடா" என்றான்.

உடனே சிரிப்பு கிளம்பியது. நம்ம மாசிக் கூத்தில் பார்க்காத வேஷமா என்றான் இன்னொருவன். முடி சவுரி என்றார்கள். நெஞ்சில் துணி என்றார்கள். தோட்டத்துச் சனத்துக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர்கள் பிறந்ததிலிருந்து கூத்தில் கண்ட பெண்ணெல்லாம் ஆண்தான். கூட்டத்தின் முன்னால் ஒரு பெண் வந்து ஆடினால் உள்ளே இருப்பது ஆண் என்பது அவர்களுக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. ஆனால் கடைத்தெரு ஆட்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் என்று நோட்டீஸ் போட்டு ஏமாற்றிவிட்டார்கள், காசைத் திருப்பிக் கொடு என்று எழுந்து நின்றார்கள். மாஸ்டர் நடுவில் வந்து, என் கம்பெனியில் பொய் கிடையாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் சொல்வதை யார் கேட்டார்கள்? எங்கள் தோட்டத்து ஆட்கள் அப்பாவிடம் திரும்பினார்கள்.

"ரதி அண்ணே, ஒங்களுக்குத் தெரியாத வேஷமா? நீங்க சொல்லுங்க. ஆம்பளயா, பொம்பளயா?"

அப்பா எழுந்தார். அவர் ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் சம்பந்திகள். அவருக்கும் எனக்கும் நடுவில் நாலைந்து முழ மண்தான் இருந்தது. என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். முகத்துக்கு வந்ததும் நின்றார். தெரிந்துகொண்டார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் அவருடைய கை தானாகப் போய் மடியைத் தடவியது. பதற்றம் வந்தால் வெற்றிலைப் பையைத் தேடுவது அவர் பழக்கம்.

"ஆம்பளதான்," என்றார். "நான் எத்தன வருசம் கட்டுனவன். நிக்கிற நிலயிலயே தெரியுதே."

சம்பந்தி தகப்பன் அப்பாவை மரியாதையோடு பார்த்தார். அதையும் நான் பார்த்தேன்.

மாஸ்டர் கொதித்துப் போனார். சத்தம் கூடிக்கொண்டே போக, காணிக்காரப் புடவைக்கடை முதலாளி நடுவில் வந்து கையைத் தூக்கினார். "மாஸ்டர், சனம் கேக்குறதுலயும் ஞாயம் ஈக்கி. இங்க ஈக்கிற பொம்புள ஒத்தரத் தெரக்குள்ள அனுப்புங்க. பாத்துட்டு வந்து சொல்லட்டும். அதோட முடிஞ்சி போச்சு" என்றார்.

மாஸ்டருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் எந்தப் பொம்பளை எழும்பி வருவாள்? கூத்தாடிகளின் திரைக்குள் போய்ப் பார்த்தவள் என்று பெயர் வாங்க யாருக்கும் இஷ்டமில்லை. ஒருத்தி மற்றவளைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். கடைசியில் யாரோ, தீர்ப்புச் சொன்ன ரதியின் பெண்சாதியே போகட்டும், கூத்துக்காரன் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் பழக்கம்தானே என்றார்கள். அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பி விட்டார்கள்.

அம்மா திரைக்குள் வந்தாள். அக்கா ஒரு சேலையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டிவிட்டுத் தானே வெளிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அம்மாவுக்கு ஒன்றும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் உடம்பில் ஒட்டியிருந்த மரத்தூளை முந்தானையால் தட்டிவிட்டாள். பிறகு என் இடது காதைப் பிடித்துப் பார்த்தாள்.

"புள்ள இழுத்துச்சின்னியே," என்றாள்.

நான் சல்லடத்து நாடாவை இறுக்கினேன்.

"தங்கச்சிக்குத் தையில முடிவாயிருக்கு. கலகெதரக்காரங்க வெளிய ஒக்காந்திருக்காங்க."

"தெரியாதும்மா."

"எப்பிடித் தெரியும்? சொல்லியனுப்ப இருந்தோம்." கொஞ்ச நேரம் என் காதை விடாமல் நின்றாள். "நான் போயி என்னான்னு சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்கம்மா."

"பொம்பளன்னு சொன்னா, எந்த ஊட்டுப் பொம்பளன்னு கேப்பாங்கல்ல. அதுக்கும் நான்தானே பதில் சொல்லணும்."

என்னுடைய நல்ல காலம், அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். கூட்டம் அடங்கியது. என்ன என்ன என்று கேட்டார்கள். அம்மாவுக்குப் பெரிதாகப் பேச வராது, என்னை மாதிரித்தான்.

"எங்க ஊட்டுக்காரர் சொன்னதுதான்," என்றாள்.

அவ்வளவுதான். ஆண் என்று அவள் வாயால் சொல்லவில்லை. அதை நினைத்துப் பல வருஷம் ஆறுதல்பட்டிருக்கிறேன். பிறகு அந்த ஆறுதலும் விட்டுப்போயிற்று.

காசைத் திருப்பிக் கேட்பார்கள், கல்லெறிவார்கள் என்று மாஸ்டர் பயந்தார். நடந்தது வேறு. ஆண் என்று முடிவானதும் கூட்டத்துக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. என்னமாய் வேஷம் கட்டியிருக்கிறான் என்று கொண்டாடினார்கள். கடைத்தெரு ஆட்களும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்கள். கூச்சப்பட்டு நான் தலைகுனிந்து நின்றதைப் பார்த்து, குனியறதைப் பாரு, அச்சு அசல் பொம்பளை என்று விசிலடித்தார்கள். மறுநாள் அதே ஆட்கள் தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கூத்துக்காரர்கள் இரண்டு பேர் மாஸ்டரிடம் வந்து, அந்தப் பையனை மாசிக்கு ரதி கட்ட விடுவீர்களா, எங்கள் ரதிக்கு வயதாகிவிட்டது என்று கேட்டுப் போனார்களாம். பயில்வான் இதைச் சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

மாஸ்டர் வியாபாரி. அடுத்த ஊர் நோட்டீசில், பெண் வேடத்தில் குஸ்தி போடும் வாலிபர் என்று போட்டு, ஓர் ஆண் பெயரும் வைத்துவிட்டார். எனக்குச் சம்பளத்தையும் குறைத்தார். பெண் ஆணைத் தூக்கினால் அது அதிசயம், ஆண் ஆணைத் தூக்குவதில் என்ன இருக்கிறது என்று என்னிடமே விளக்கம் சொன்னார். நானும் தலையாட்டினேன். உள்ளே வரும்போது தொடையைத் தட்டு, வெற்றிலை துப்பு என்று சொல்லித் தந்தார். ஆண்பிள்ளை மாதிரி நடந்து, அந்த ஆண்பிள்ளை பெண்பிள்ளை மாதிரி நடிப்பதாக நான் நடக்க வேண்டும். முட்டியைப் பார்ப்பதை விட்டால் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அக்கா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. என்னோடு இனிப் பிடிக்கமாட்டேன் என்று மாஸ்டரிடம் நேரே சொல்லிவிட்டாள். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை, ஆனால் கோபமாகத்தான் பேசினாள்.

"ஒங்கம்மா ஒன்ன மட்டுமா ஆம்பளயாக்கிட்டுப் போனா? இத்தன வருசமா நான் ஒரு ஆம்பளையோட மண்ணுல உருண்டவளாயிட்டேன்டி. எங்க ஊர்ல இதக் கேட்டா என்னையத் தெருவுல விடுவாங்களா?"

கண்டிக்குத் திரும்பிய அன்றே மூட்டையைக் கட்டிவிட்டாள். பேராதனை ரெயில் ஸ்டேஷன் வரை நான்தான் மூட்டையைச் சுமந்துகொண்டு போனேன். தலைமன்னார் போய்க் கப்பல் ஏறுவதாகச் சொன்னாள். ரெயிலுக்குள் ஏறின பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துப் பெருவிரலால் ஒருமுறை அழுத்தினாள். நீ விழு என்றாளா, நான் விழுகிறேன் என்றாளா என்று எனக்கு விளங்கவில்லை. ரெயில் போய்விட்டது.

பெண்ணாக இருந்தவரை வெளியாட்கள் ஒருவரும் என்னோடு பிடிக்க வந்ததில்லை. பொம்பளை மேல் கை வைத்தான் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? ஆணான பிறகு அந்தத் தடை இல்லை. ஊர்ச் சண்டியர்கள் எல்லாம் நடுவில் இறங்கி வந்தார்கள். அவர்களோடு பேசிவைக்க முடியாது. அவர்கள் விரலால் அழுத்தமாட்டார்கள். மெய்யாகவே பிடித்தேன், அநேகம் பேரைப் போட்டேன். ஒரு பெண் தங்களைப் போட்டுவிட்டாள் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சமாவது மனம் ஆறியிருக்கும். கட்டுகஸ்தோட்டையில் மணல் அள்ளுகிற ஒரு ஆள் தோற்றுப்போய், தம்பி நல்ல பிடி என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் நல்ல மனதோடுதான் தட்டினார்.

கடைசியில் மாத்தளையில் ஒரு வண்டிக்காரன் என்னைத் தோள்பட்டையோடு சேர்த்து நிலத்தில் அறைந்தான். காறை எலும்பு முறிந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே மட்டும் எந்த வார்ட் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நேரே பொம்பளை வார்டுக்குத்தான் அனுப்பினார்கள். கம்பெனி எனக்காகக் காத்திருக்கவில்லை. குணமாகி வெளியே வந்தபோது அவர்கள் எந்த ஊரில் என்றும் தெரியவில்லை. இடது கை தலைக்கு மேலே எழும்பாது. கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவரைக்கச் சேர்ந்தேன். என் குஸ்தித் தொழில் அப்படி முடிந்தது.

தங்கையின் கல்யாணம் தையில் நடந்துவிட்டது. சேலை ஒன்று வாங்கி அனுப்பினேன். நான் போகவில்லை. ஆயா வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாளாம். தோள் முறிந்ததற்கும் அப்பா அம்மாவுக்கு ஆள் விட்டேன். ஆள் திரும்பி வந்து, கேட்டுக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னான்.

சீமையில் சண்டை தொடங்கின வருஷம் ஒருமுறை கலகெதரைக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அம்மாவும் அங்கே வந்திருந்தாள். அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை புருஷன் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். உங்கள் தாத்தா பெரிய கூத்துக்காரர், ஒரு சர்க்கஸில் பொம்பளை மாதிரி வேஷம் போட்டு ஊரையே ஏமாற்றிய ஒரு பயில்வானை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார், எங்கள் அப்பா பக்கத்திலேயே இருந்து பார்த்தார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவர்கள் வீட்டில் அது பெரிய கதை. அப்பாவுக்கு அந்தக் குடும்பத்தில் இருந்த மரியாதை பாதி அதனால் வந்தது. பிள்ளைகள் கண்ணை அகலத் திறந்துகொண்டு கேட்டன. மூத்தது என் மடியில் சாய்ந்து, "பெரியம்மா, நீங்க அந்த ஆளப் பாத்தீங்களா?" என்றது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அங்கே வெளியாள் யாரும் இல்லை. கல்யாணம் முடிந்து, பிள்ளைகளும் பிறந்தாயிற்று. இனிக் கெட்டுப்போக என்ன இருக்கிறது? அது என் மகள்தான் என்ற அந்த ஒரு வார்த்தையை இப்போதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அம்மா தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ எங்க பாத்தா? அவ அப்ப கண்டியில ஆயா வேலயில இருந்தா," என்றாள்.

பிள்ளை என் மடியை விட்டு எழுந்து தகப்பனிடம் போய்விட்டது. தங்கைக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பொழுது சாய்கிறதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

இப்போது அந்தப் பெரியவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன். நான் எழுதினதில் பிழை இருக்கும். அந்த ஞாயிறு மலேரியாவுக்கு முந்தியா பிந்தியா, கூடாரம் போட்டது தெல்தெனியச் சந்தைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, மாத்தளையா அல்லது அதற்கு அடுத்த ஊரா, இதெல்லாம் எனக்கு உறுதியில்லை. விஷயம் தெரிந்த யாராவது தெல்தெனிய, திகனப் பக்கத்தில் பழைய ஆட்களிடம் விசாரித்துச் சரிபார்த்துத் திருத்திவிட வேண்டும். விசாரித்தால் எல்லாரும் அது ஆம்பளை என்றுதான் சொல்வார்கள். அந்த இடத்தில் மட்டும் நான் எழுதினதைத் திருத்தாமல் விடுங்கள்.